புல்மேட்டு அணையில் மூன்று நாள்

என் கணவருக்கு ஏரி பார்க்கிற பழக்கம் உண்டு. விருத்தாசலத்தில் பீங்கான் யூனிட்டுகளுக்குக் களிமண் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். வாரம் முழுக்க மண்ணும் தூசியும்தான். ஞாயிற்றுக்கிழமையானால் எங்காவது போய்த் தண்ணீரைப் பார்க்க வேண்டும். வீராணம் ஏரி, வெலிங்டன் ஏரி என்று பைக்கில் கிளம்பிவிடுவார். பின்னால் நானும் உட்கார்ந்து போவேன். கரையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். போன வருஷம் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் நின்றது என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் செல்போனில் மணி பார்ப்பேன். மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்து ஆறு வருஷம். பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொள்ள மாட்டாள்.

அதற்கு முன்னால் நானும் ஒரு யூனிட்டில் வேலை பார்த்தேன். கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை. மாமியார் விழுந்த மறுநாள் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அதனால் சண்டை போடவும் ஆளில்லை.

போன வருஷம் ஆனி மாதம் நீலகிரிக்குப் போனோம். என் கணவரோடு முன்பு யூனிட்டில் மண் இறக்கிக்கொண்டிருந்த ஒரு தம்பி, மலைமேல் ஓர் அணையில் காவல் வேலை கிடைத்துப் போயிருந்தார். மேலே வந்து பாருங்கண்ணே, ஒரே நாளில் மூணு அணை காட்டுறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து நாத்தனார் வந்து நான்கு நாள் அம்மாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் என் கணவர் டிக்கெட் போட்டுவிட்டார். மாத்திரை நேரங்களைத் தாளில் எழுதி நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஊட்டியிலிருந்து ஜீப்பில் இரண்டு மணி நேரம். ஒரு வளைவுக்கு மேல் மரங்கள் நின்றுவிட்டன. அதன் பிறகு புல் மட்டும்தான். மொட்டை மொட்டையாகக் குன்றுகள், எல்லாவற்றிலும் ஒரே புல், பள்ளங்களில் மட்டும் கறுப்பாகக் கொஞ்சம் காடு. நடந்தால் சில இடங்களில் பஞ்சுபோல் கால் அமுங்கி, செருப்புக்குள் தண்ணீர் ஏறியது. முதல் நாள் இரண்டு அணைகள் பார்த்தோம். குன்றுகளுக்கு நடுவில் தண்ணீர் ஈய நிறத்தில் அசையாமல் கிடந்தது. என் கணவர் பேசவே இல்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. காலையில் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை. அணையில்லை, குன்றில்லை, வெள்ளையாகப் பனிமூட்டம் மட்டும். வழியில் மண் சரிந்து மரங்கள் விழுந்துவிட்டன, ஜீப் வராது என்று அந்தத் தம்பி வந்து சொன்னார். கரண்டும் போய்விட்டது. இரண்டே அறைகள் கொண்ட குவார்ட்டர்ஸ். ஓர் அறையில் நாங்கள், இன்னொன்றில் தம்பியும் அவர் மனைவியும், நடுவில் புகை படிந்த சமையல்கட்டு. போட்ட துணி காயவில்லை. போர்வையும் ஈரமாகவே இருந்தது. கதவைத் திறந்தால் பனி உள்ளே வந்தது. மூடினால் விறகுப் புகை.

அணைக் கரையில் ஓர் இடத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நாத்தனாருக்குப் போன் போட்டேன். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, உங்களைத்தான் கேட்கிறாங்க, எப்ப வரீங்க என்றாள். தெரியாது, இப்போது என்னால் வர முடியாது என்றேன். முடியாது என்று ஒருவருக்குச் சொன்னது அந்த ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

தம்பியின் மனைவிக்கு இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். அவளும் சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பெண். ஏழு மாத வயிறு. நாங்கள் வந்ததிலிருந்து என் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தாள். நம்ம ஊரில் இப்போது வெயில் எப்படி, நாற்று விட்டுவிட்டார்களா, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இன்னும் போண்டா போடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தை மாதத்துக்குப் பிறகு இன்னொரு பெண்ணோடு பேசுவது இப்போதுதான் என்றாள்.

மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விட்டதும் இருவரும் அணைக் கரையில் நடந்தோம். பத்தடிக்கு அப்பால் தண்ணீர் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. அவள் நின்றாள்.

"அக்கா, நான் ஊருக்குப் போவணும். மூணு வாட்டி கேட்டுட்டேன், மழை வுடட்டும்னு சொல்றாரு. இங்க மழை ஐப்பசி வரைக்கும் வுடாது. ராத்திரியில வலி வந்தா ஜீப்பு வருமா? நீங்க சொன்னா கேப்பாரு."

நான் வயிற்றைப் பார்த்தேன், சாலை இருந்த பக்கம் பார்த்தேன். சரி என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எனக்கு வேண்டியதையே வாய் திறந்து கேட்டதில்லை. இன்னொருத்தர் வீட்டில் எப்படிப் பேசப்போகிறேன் என்று தெரியவில்லை.

மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

"தம்பி, அவள ஊருக்கு அனுப்பிடுங்க. இந்த ரோட்ட நம்பி இங்க வெச்சிக்காதீங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவ போனா திரும்பி வரமாட்டா அண்ணி. எனக்குத் தெரியும். நான் மட்டும் இங்க எப்படிக் கெடப்பேன்?"

அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் சொன்னதை மாற்றவில்லை. அப்போது என் கணவர் தலையைத் தூக்கி, "ரோடு சரியானதும் எங்க கூட வரட்டும்டா. நான் கொண்டுபோய் அவங்க வூட்டுல வுட்டுட்டுப் போறேன்" என்றார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

மோரை ஊற்றினேன். இன்னொரு வீட்டுப் பெண்ணுக்காக இவர் வாயில் இவ்வளவு சுலபமாக வந்தது, ஆறு வருஷமாக எனக்காக ஏன் வரவில்லை? அந்தப் பெண்ணுக்காகச் சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் மதியம் மரங்களை அறுத்து வழி விட்டார்கள். ஜீப்பில் முன் சீட்டில் தலையணை வைத்து அவளை உட்கார வைத்தார் அந்தத் தம்பி. போயிட்டு வரேன் என்று அவள் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். முதல் வளைவு திரும்புவதற்குள் பனியில் மறைந்துவிட்டார். அவள் ஊட்டி வரும்வரைக்கும் அழுதாள்.

சேலத்தில் மாறி ஏறிய ரயிலில் அவள் தூங்கிவிட்டாள். எதிரில் என் கணவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன்.

"எனக்காகவும் யாராவது வந்து சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்?"

"நான் வேலைக்குப் போவணும்னு."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தார். பிறகு, "அம்மாவ யாரு பாக்குறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கும் தெரியாது. சின்னசேலம் தாண்டியும் இருவரும் அதையே யோசித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முதுகில் புதிதாகப் புண் வந்திருந்தது. துடைத்து மருந்து போட்டேன். அன்றிலிருந்து எல்லாம் பழையபடி. ஒன்று மட்டும் மாறியது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஏரிக்குப் போகாமல் அம்மாவோடு இருந்தார். நான் கேட்கவில்லை, அவரும் விளக்கம் சொல்லவில்லை. நான் பஸ் ஏறி சேத்தியாத்தோப்புக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு ஆவணியில் பெண் குழந்தை பிறந்திருந்தது.

மாசியில் போனபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் வீராணம் கரைக்குப் போனோம். வெயில் சுள்ளென்று அடித்தது. அடுத்த வாரம் தம்பி மலையிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போகிறார் என்றாள். ராத்திரி ராத்திரி போன் போட்டு அழுகிறாராம். கீழே மாற்றல் கேட்டிருக்கிறாராம், எப்போது வரும் என்று தெரியாதாம்.

"போவட்டுமா அக்கா?" என்று கேட்டாள்.

அணையில் சட்டென்று சரி என்று சொன்ன எனக்கு இங்கே வாய் வரவில்லை. போகாதே என்று சொன்னால் அங்கே தனியாகக் கிடப்பவரை நினைக்க வேண்டும். போ என்று சொன்னால் அந்த இரண்டு அறைகளை நினைக்க வேண்டும். குழந்தைக்கு வெயில் படாமல் முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் போய்விட்டாள்.