டாக்டர் சொன்ன சூடு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். டாக்டர், ஊசி போடுகிற நர்ஸம்மா, நான், என் மனைவி, அவளுடைய தம்பி. கதவைத் திறந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த ஐந்து பேரையும் எத்தனையோ தடவை மனசுக்குள் வரிசையாக உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லார் காதிலும் விழுந்த ஒரே வார்த்தையை நாங்கள் மூன்று பேர் மட்டும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். அது எப்படி என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். நான் திண்டிவனம் பைபாஸில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். வீடு விழுப்புரத்தில், ரயில்வே கேட்டுக்குப் பக்கம். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் என்பதால் ஓட்டல் வேலையைத் தவிர வேறு தெரியாது. மாவை வீசும்போது ஒரு நாள் இடது கையில் மாவு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்புறம் ஒரு கண் புகை மூட்டமாகப் போனது. பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்கிறவனுக்குக் கண்ணில் புகை படாமல் இருக்குமா என்று ஒரு மாசம் விட்டுவிட்டேன். கால் இழுக்க ஆரம்பித்த பிறகுதான் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். என்றார்கள்.

மூளையிலும் முதுகுத் தண்டிலும் இருக்கிற நரம்புக்கு மேல் ஓர் உறை உண்டு, அதை உடம்பே அங்கங்கே அரித்துவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மச்சான் இரும்புக் கடையில் வேலை பார்ப்பவன், பத்தாவது பாஸ். எங்கள் வீட்டுக்கு அவன்தான் படித்தவன். "கரண்டு ஒயரு மேல தோலு உரிஞ்சி போச்சு மாமா, அவ்ளோதான்" என்றான். டாக்டரும் தலையாட்டினார். பீடியை விடச் சொன்னார், அலுப்பு வருவதற்கு முன்பே உட்காரச் சொன்னார். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். ஓட்டல் வேலை என்றேன். கடைசியாக என் மனைவி, சாப்பாட்டில் பத்தியம் உண்டா என்று கேட்டாள்.

"பெருசா பத்தியம் ஒண்ணும் இல்லம்மா. உடம்பு சூடாகாம பாத்துக்கணும். சூடு இவருக்கு ஆகாது."

இவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்குள் அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சூடு என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வருகிற பஸ்ஸிலேயே மச்சான் ஸ்கேன் கவரின் பின்பக்கம் பட்டியல் எழுத ஆரம்பித்தான். கண்டமங்கலம் வருவதற்குள் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை, எள்ளு, கோழி மூன்றும் போயின. வளவனூர் வருவதற்குள் மாம்பழம், பப்பாளி, கத்திரிக்காய், கருவாடு. முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா திரும்பி, முட்டையை விட்டுட்டியே தம்பி என்று எடுத்துக் கொடுத்தார். அதுவும் ஏறியது. பீடி மட்டும் அந்தக் கவரில் ஏறவில்லை. அது சூடா குளிர்ச்சியா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு என் வயிறு கேப்பைக்கூழும் மோரும் பூசணிக்காயுமாக ஆனது. விடிந்ததும் ஊறவைத்த வெந்தயம். புதனும் சனியும் எண்ணெய்க் குளியல். அதில்தான் என் மனைவி எல்லா நம்பிக்கையையும் வைத்திருந்தாள். நல்லெண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்து, அண்டாவில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்து, உடம்பு சிவக்கிற மாதிரி ஊற்றுவாள். வெந்நீர் ஊற்ற ஊற்ற கால் துணி மாதிரி துவண்டுவிடும். கண் மங்கிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சிமென்ட் தரையில் விழுவேன். அரை மணியில் எல்லாம் சரியாகும். "சூடு எறங்குதுங்க, அதான்" என்பாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உள்ளே இருப்பது வெளியே வரும்போது ஆளை அடித்துப் போட்டுவிட்டுத்தானே வரும்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று யோசிப்பேன். அப்படிப்பட்டவனுக்கு இந்த நோயைப் போல ஒரு தொந்தரவு வேறில்லை. ஏனென்றால் இது தானாக வரும், தானாகவே பாதி போய்விடும். வெந்தயம் சாப்பிட்ட மூன்றாவது மாதம் கை சரியாயிற்று, வெந்தயத்தைக் கும்பிட்டோம். மறு வருஷம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வாசனை தாங்காமல் ஒரு பொட்டலம் வேகவைத்த மல்லாட்டை தின்றேன். பத்தாம் நாள் வலது கால் போயிற்று. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி ஏற்றிக்கொண்டேன். அந்த ஐந்து நாளும் நான் நினைத்ததெல்லாம் அந்தப் பொட்டலத்தைத்தான். மனைவியிடம் சொல்லவே இல்லை.

நடுவில் ஒரு இயற்கை வைத்தியர் வந்தார். கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் காரணம் மைதா என்றார். நான் மைதா சாப்பிடுவதே இல்லைங்க என்றேன். தொடுவியா என்றார். ஒரு நாளைக்கு இரண்டு மூட்டை மைதாவில் கை வைப்பவன் நான். உள்ளங்கை வழியாக ஏறுமோ என்று மறுநாள் இரண்டு கையிலும் பாலிதீன் கவரைக் கட்டிக்கொண்டு மாவு பிசைந்தேன். முதலாளி வந்து பார்த்தார். "இன்னா மாஸ்டர், மாவுக்குப் பிரசவமா பாக்குற?" என்றார். அதோடு அவிழ்த்துவிட்டேன். ஆனால் பயம் போகவில்லை.

இன்னொரு தடவை செக்கப்புக்குப் போனபோது வேறொரு சின்ன டாக்டர் இருந்தார். ரத்தத்தில் வைட்டமின் டி கம்மி, மாத்திரை எழுதியிருக்கிறேன், காலையில் கொஞ்ச நேரம் வெயிலும் படட்டும் என்றார். சூடு ஆகாது என்று ஒருவர், வெயிலில் நில் என்று இன்னொருவர். வீட்டில் இதைப் பற்றி இரண்டு நாள் பேசினோம். கடைசியில் கழுத்துக்கு மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, முட்டிக்குக் கீழே மட்டும் வெயில் படுகிற மாதிரி வாசலில் நின்றேன். தெருவில் போன ஒருவர், கோழி பிடிக்க நிற்கிறாயா என்று கேட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாஸ்டர் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்குவார். அது தீர்கிறவரை அந்தக் கல்லை விட்டு நகரக் கூடாது. தீர்க்காமல் போனவனை அடுத்த ஓட்டலில் சேர்க்க மாட்டார்கள். ஸ்கேனுக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று என்று நான் வாங்கியது முப்பதாயிரம். மத்தியானம் மூன்று மணிக்குக் கல்லைப் பற்ற வைத்தால் ராத்திரி கடை மூடும் வரை அதன் முன்னால்தான் என் நெஞ்சு. கல்லின் முன் நிற்கும்போதெல்லாம் கண் மங்கும், கால் கனக்கும். பின்னால் போய்க் குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு வந்தால் தெளியும். இதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன். கவனித்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டோம் என்றுதான் யோசித்தேன்.

பகலில் பாதி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருஷங்களில்தான் என் மனைவிக்குப் பொறி தட்டியது. ஒரு சனிக்கிழமை. கரண்ட் இல்லை. குளியலறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ். பாதிக் குளியலில் நான் சரிந்து விழுந்ததில் அண்டா கவிழ்ந்து வெந்நீரெல்லாம் வாசல் பக்கம் ஓடிவிட்டது. நல்லவேளை, மேலே படவில்லை. கண்ணில் சீயக்காய். அவள் பதறிப்போய் தொட்டித் தண்ணீரை நான்கு குடம் ஊற்றினாள். ஐந்தாவது குடத்துக்கு நானே எழுந்து நின்றேன். அரை மணி ஆகவில்லை, ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் குடத்தை வைத்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்த அண்டாவைத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் சுட்டது.

"ஏங்க, டாக்டரு சொன்ன சூடு இந்தச் சூடுதானா?"

நான் கண்ணில் இருந்த சீயக்காயைத் துடைத்தேன்.

"கரண்டு போனா உங்களுக்குக் கண்ணு மங்குது. ஜொரம் வந்தா நடக்க முடியல. அண்டாத் தண்ணி ஊத்துனா வுழுறீங்க. இதுல எங்க வந்துச்சு மல்லாட்ட?" அப்புறம் மெதுவாக, "கல்லுகிட்ட எப்டிங்க நிக்கிறீங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. படிக்காதவள் மாதிரிப் பேசாதே என்றேன். அவள் எட்டாவது, நான் ஆறாவது. ஏன் கோபம் வந்தது என்று அப்போது தெரியவில்லை. சாப்பாட்டுச் சூடு என்றால் மல்லாட்டையை விட்டால் போதும். இந்தச் சூடு என்றால் கல்லை விட வேண்டும்.

அடுத்த வாரம் பழைய டாக்டரிடமே போனோம். மச்சானும் வந்தான். டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது. என் மனைவி எண்ணெய்க் குளியலில் ஆரம்பித்து பூசணிக்காய் வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"நான் சொன்னது வெயில், அடுப்பு, சுடுதண்ணிம்மா. இத்தனை வருஷமா கொதிக்கிற தண்ணியவா ஊத்தினீங்க?"

அதனால் நோய் முற்றிவிட்டதா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். சூட்டினால் உறை மேலும் அரிவதில்லை. ஏற்கெனவே பழுதான நரம்பு சூட்டில் வேலை செய்யத் தடுமாறும், ஆறினால் திரும்பிவிடும் என்றார். மீன் சாப்பிடு, காய் சாப்பிடு, மல்லாட்டையும் சாப்பிடு, எண்ணெய் தேய்த்தால் பச்சைத் தண்ணீரில் குளி, சொன்ன பயிற்சியைக் காலை வேளையில் செய், பீடியை இன்றைக்கே விடு என்றார். பீடியை அன்றைக்குத்தான் விட்டேன். பிறகு அவர் என் அட்டையைத் திருப்பிப் பார்த்து, ஓட்டலில் சப்ளையர்தானே என்றார்.

"பரோட்டா மாஸ்டருங்க" என்றாள் என் மனைவி.

அவர் பேனாவை மறுபடியும் திறந்து அதை அட்டையில் எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே திண்டிவனம் போய், எம்.எஸ். வந்தவன் இனிக் கல் முன்னால் நிற்கக் கூடாதாம் என்று முதலாளியிடம் சொன்னேன். முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இரும்புல எம்.எஸ். பைப்பு எனக்குத் தெரியும் மாஸ்டர். எம்.எஸ். வியாதின்னு கேள்விப்பட்டதே இல்லியே" என்றார். பிறகு அட்வான்ஸ் நோட்டை எடுத்தார். நோட்டை எடுத்ததும் என் கால் கனத்தது, அன்றைக்குப் பக்கத்தில் அடுப்பு எதுவும் எரியவில்லை. அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காலையில் வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வெங்காயம் வெட்டு, மாவு பிசைந்து வைத்துவிட்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போ, சம்பளம் பாதிதான் என்றார். "அட்வான்ஸ மெதுவா கழிச்சிக்கலாம். ஓடியா போவப்போற, உன்னாலதான் ஓட முடியாதே" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

இப்போது கழுத்தில் ஈரத்துண்டோடு வேலை செய்கிறேன். ஒரு குச்சி வைத்திருக்கிறேன், சில மாதம் அது தேவைப்படுவதில்லை. டாக்டர் சொன்னதற்குப் பிறகும் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தேன், அதற்கு எதைக் குற்றம் சொல்வது என்று தெரியவில்லை. மல்லாட்டை சாப்பிடுகிறேன். ஆனால் முதல் பிடியை வாயில் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்காமல் இருந்ததில்லை. கேப்பைக்கூழை விடவில்லை, அது பிடித்துப்போய்விட்டது.

நர்ஸம்மாவையும் சேர்த்து அந்த ஐந்து பேரையும் இன்னும் உட்கார வைத்துப் பார்க்கிறேன். என் மனைவி தவறாகக் கேட்டாள். மச்சான் தவறாக எழுதினான். நான் உண்மையிலேயே தவறாகத்தான் கேட்டேனா, அல்லது சரியாகக் கேட்டுவிட்டு, தீர்க்க வேண்டிய அட்வான்ஸை நினைத்து மல்லாட்டைக்குத் தலையாட்டினேனா? ஒரு நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது, மறுநாள் வேறு மாதிரி. மாசா மாசம் முன்னூறு கழிகிறது. படுத்த மாதம் கழிவதில்லை. முதலாளி நோட்டில் இன்னும் நிற்பது பதினோராயிரத்து நானூறு ரூபாய்.