அதிகம் குறைத்த வீடு

எனக்கு ஓர் இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார வராது. அதனால்தான் இந்த வேலை எனக்கு ஒத்துப்போனது. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய் எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை சிலிண்டர், வண்டிக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கேட்டு எழுத வேண்டும். அதை வைத்து நகரம் எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகிறது என்று ஆபீசில் கணக்குப் போடுவார்கள். அதற்காகப் பொழிச்சலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் அலைந்து நான் எரித்த பெட்ரோலை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பெரும்பாக்கம் குடியிருப்பில் லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஏழு மாடி படியேறினேன். இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஓர் அக்காவின் வீடு. ஒரு ஃபேன், இரண்டு லைட், ஒரு டிவி. ஃப்ரிட்ஜ்கூட இல்லை. ஆனால் ஈபி கார்டில் இரண்டு மாதத்துக்கு எழுதியிருந்த யூனிட், ஏசி வைத்திருக்கும் வீடுகளுக்குச் சமமாக இருந்தது. மீட்டர் கோளாறா என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி சுவரோரம் இருந்த துணிமூட்டைகளைக் காட்டினார். பக்கத்து அபார்ட்மெண்ட்காரர்களின் சட்டைகள். முன்பு குடியிருந்த இடத்தில் தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்துத் தேய்த்தவர், இங்கே வந்தபின் கரண்ட் பெட்டிக்கு மாறியிருந்தார்.

விடை கிடைத்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'வீட்டிலேயே இஸ்திரி தொழில்' என்று படிவத்தில் பெரிதாக எழுதி, கார்டையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் மாறிவிட்டது. வீட்டு இணைப்பில் தொழில் நடக்கிறது என்று தெரிந்தால் கடைக்குப் போடும் கட்டணத்தைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம்.

"அத்த அடிச்சுடு சார். கடை ரேட்டு போட்டுட்டா நான் இன்னாத்த வச்சி பொழைக்கிறது?"

நான் ஈபி ஆள் இல்லை, உங்கள் பேர் எங்கேயும் வராது என்றேன். அதையும் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். அந்த மாடியில் இன்னும் நான்கு வீடு பாக்கி இருந்தது.

மேடவாக்கம் சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது. படம் பிடித்த கார்டில் அவர் பேரும் இணைப்பு எண்ணும் பளிச்சென்று இருக்கின்றன. அதை அவரும் பார்த்துக்கொண்டுதானே நின்றார்? அப்போதே வண்டியைத் திருப்பியிருக்கலாம். பச்சை விழுந்ததும் நேரே போய்விட்டேன். வீட்டுக்குப் போன கையோடு படத்தை அழித்தேன், படிவத்தில் அந்த வரியையும் அடித்தேன். ஆனால் அதை அவரிடம் போய்ச் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. போன் பண்ணலாமென்றால் நம்பர் வாங்கியிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு புது ஏரியா, ஒரு புது சாக்கு.

இரண்டு மாதம் கழித்து ஈபிக்காரர்கள் அடுத்த ரீடிங் எடுத்தபின் அதே வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக அங்கேதான் ஓடினேன். சுவரோரம் மூட்டைகள் இல்லை. நான் வந்துபோன மறுநாளே, வாங்கிய துணிகளைத் தேய்க்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அபார்ட்மெண்ட்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இவர் இப்போது விடிவதற்குள் பஸ் பிடித்து இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகிறார். படத்தை அன்றைக்கே அழித்துவிட்டேன் அக்கா என்றேன்.

"அன்னிக்கே வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல சார்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

கார்டை நீட்டினார். நூறு யூனிட்டுக்கும் கீழே. எழுதிக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த மாதக் கூட்டத்தில் வீடுகளின் பட்டியலைத் திரையில் போட்டார்கள். கரியமில வாயுவை அதிகம் குறைத்த வீடு என்று முதல் வரியில் பெரும்பாக்கம் ஏழாவது மாடி இருந்தது. சட்டைகள் வேறெங்கோ தேய்க்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தன, அதற்குப் பட்டியலில் இடமில்லை. எப்படிக் குறைத்தார்கள் என்று கேட்டு மற்றவர்களுக்கும் உதாரணமாக எழுதலாம் என்றார் மேலதிகாரி. அந்த வீட்டைத் தெரிந்த ஆள் என்பதால் என்னையே போகச் சொன்னார்.