தொடையிடுக்கில் ஒரு துடிப்பு

போன மாதம் எனக்கு மாரடைப்பு. பெங்களூரில் தொடையிடுக்குத் தமனியில் துளை போட்டு, ஒயரை இதயம் வரை அனுப்பி, ஸ்டென்ட் வைத்தார்கள். எங்கள் கோலார் தங்கவயல் பாஷையில் சொன்னால், சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்ட் தொடையில் — வேலை நெஞ்சில்.

ராபர்ட்சன்பேட்டை வீட்டுக்குத் திரும்பியதும், வந்தவர்கள் எல்லாரும் நெஞ்சைத்தான் விசாரித்தார்கள். ஆலயத்தில் நெஞ்சுக்காக ஜெபம். ஆண்டர்சன்பேட்டை மச்சான் நெஞ்சுக்காக ஆப்பிள் வாங்கிவந்தான். நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. பிரச்சினை... கொஞ்சம் கீழே.

துளை போட்ட இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். கைவைத்தால் துடித்தது. "வீக்கம் வந்தால் உடனே வாருங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் வீட்டில் எப்படிச் சொல்வது? வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் சொந்தக் கதை பேசுகிற எனக்கு, மனைவி ரீட்டாவிடம் இடத்தின் பெயர் சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் கேட்டால் என்ன நினைப்பார்கள்? மூன்று நாள் லுங்கியைத் தளர்த்திக் கட்டிச் சமாளித்தேன்.

நாலாம் நாள் ரீட்டா பிடித்துவிட்டாள்.

"இன்னா, நொண்டுறீங்க?"

"காலு மரத்துப்போச்சு."

"மரத்த காலுக்கு இடுப்புல ஏன் கை? லுங்கிய இறக்குங்க."

"கதவு தொறந்திருக்குது ரீட்டா..."

சாத்திவிட்டு வந்து பார்த்தாள். தொட்டாள். "ஐயோ, உள்ள அடிச்சிக்குதே! இத்த வெச்சினு சும்மா இருந்தீங்களா?" அழுதுகொண்டே டாக்சிக்குப் போன் செய்தாள். பெங்களூர் வரை என்னோடு பேசவில்லை.

ஸ்கேன் பார்த்த டாக்டர், தமிழ் தெரிந்த சின்னப் பெண். "தமனியில போட்ட துளை மூடல சார். ரத்தம் கசிஞ்சு பை மாதிரி சேர்ந்திருக்கு. வெடிச்சிருந்தா உயிருக்கே ஆபத்து."

துளை மூடட்டும் என்று வீக்கத்தின் மேல் ஸ்கேன் கருவியாலேயே அரைமணி அழுத்தினார். அவருக்கு வியர்த்ததுதான் மிச்சம். ஸ்டென்ட்டுக்காக நான் விழுங்கும் மாத்திரை ரத்தத்தைச் சுலபமாக உறையவிடாதாம். பிறகு, திரையைப் பார்த்தபடியே ஊசியால் அந்தப் பைக்குள் உறையவைக்கும் மருந்து — சில துளி. நான் ரீட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ரத்த ஓட்டத்தைக் காட்டித் திரையில் சுழன்றுகொண்டிருந்த சிவப்பும் நீலமும் சில நொடியில் அடங்கின.

"ஆயிடுச்சு சார். ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். "வெக்கப்பட்டாரு டாக்டர்" என்றாள் ரீட்டா.

நான் பயந்த அந்த நாலு பேரும் அங்கேயே இருந்தார்கள்: டாக்டர், இரண்டு நர்ஸ், ரீட்டா. யாரும் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை.

மாரடைப்பில் பிழைத்து வெட்கத்தில் செத்தான் என்று கல்லறையில் எழுத, எந்தப் பாதிரியார் சம்மதிப்பார்?