சாய்ந்த படமும் கணக்கு வாத்தியாரும்

அந்த வீடியோ கடையில் எல்லோரும் அவளை 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவார்கள். கடை முதலாளி அவளுடைய கொழுந்தன். அவன் வாயிலிருந்து வாடிக்கையாளர்களும் பிடித்துக்கொண்டார்கள். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே ஒற்றை அறை. பதினோரு வருஷமாக அங்கே எடிட்டிங் முழுக்க அவள்தான். கொழுந்தனுக்குத் தெருவில் 'டைரக்டர்' என்று பெயர். என்றோ ஒரு படப்பிடிப்பில் மூன்று நாள் குடை பிடித்ததற்குக் கிடைத்த பட்டம் அது.

டைரக்டர் எந்தக் காட்சியையும் நேராக வைக்க விடமாட்டான். ஏழு டிகிரி சாய்ந்தால்தான் அவனுக்குக் கலை.

ஒரு கணக்கு வாத்தியாரின் ஓய்வு விழாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வீடியோ கேட்டிருந்தார்கள். சரிபார்க்க வாத்தியாரே மாடியேறி வந்து, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"இது கோடா, ரம்பமா? படத்தோட ஓரமெல்லாம் பல்லுப் பல்லா இருக்கே!"

"சார், கண்ணாடியை ஒருதடவை செக் பண்ணிக்கிட்டீங்கன்னா..." என்று இழுத்தான் டைரக்டர்.

"போன வாரம்தான் மாத்தினேன். முப்பத்திநாலு வருஷமா கோணல் கோட்டுக்கு அரை மார்க் குறைச்சவன்யா நான்!"

அவர் போனதும் டைரக்டர் கம்ப்யூட்டரைத் திட்டினான், மின்சாரத்தைத் திட்டினான். "நகருங்க அண்ணி, இது பெரிய வேலை" என்று தானே உட்கார்ந்து மொத்தப் படத்தையும் மங்கலாக்கினான். மறுநாள் வாத்தியார் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பல்லு போச்சு, சரி. என் மூஞ்சி எங்கப்பா?"

டைரக்டர் டீ குடிக்கப் போய்விட்டான். வழக்கம்தான்.

அண்ணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வகுப்பறை ஜன்னல் கம்பிகளும் சேர்ந்துதான் சாய்ந்திருந்தன. அவற்றில் ஒரு பல்கூட இல்லை. வெளி ஓரத்தில் மட்டும்தான் பல். கம்பிக்கு அக்கம்பக்கத்தில் நிறம் இருக்கிறது, மென்பொருள் கலந்து இழைத்துவிடுகிறது. ஓரத்துக்கு வெளியே கலக்க ஒன்றுமில்லை. அவ்வளவுதானே என்று தோன்றியது. காட்சியைச் சுற்றி ஒரு விரற்கடை வெற்றிடம் விட்டு, இரண்டையும் ஒன்றாகக் கட்டி, அதற்குப் பிறகு சாய்த்தாள். ஓரம் வழவழவென்று வந்தது. அவள் தன்னையறியாமல் சிரித்தாள்.

விழா மேடையில் டைரக்டர் மைக்கைப் பிடுங்காத குறை. "ஓரத்துக்கு நானே ஒரு டெக்னிக் கண்டுபிடிச்சேன்."

"அப்படியா? எப்படி?" என்றார் வாத்தியார்.

"அது... உள்ளே ஒரு செட்டிங்..."

"எந்த செட்டிங்? ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லு."

டைரக்டர் தண்ணீர் குடித்தான். மறுபடியும் குடித்தான். கடைசி வரிசையிலிருந்து அண்ணி எழுந்தாள். "சுத்தி வெறும் இடம் விட்டுட்டு, அப்புறமா திருப்பணும் சார்."

"இது விடை!" என்று மேஜையைத் தட்டினார் வாத்தியார். "பத்துக்கு ஒன்பதரை. வீடியோ தலைப்புல ஒரு ஒற்று விட்டுட்டீங்கம்மா."

மறுவாரமே அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் அவளைத் தங்கள் ஒளிப்பதிவு அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். "குடும்பத்தை விட்டுட்டுப் போறீங்களே அண்ணி" என்று டைரக்டர் கண் கலங்கினான். "வீட்டுலதானே தம்பி இருக்கேன், சாப்பிட வாங்க" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இப்போது அவன் கடையில் எல்லாக் காட்சியும் நேராக நிற்கிறது. கேட்டால், சாய்க்கிறதெல்லாம் பழைய ஃபேஷனாம்.