நாலு மேடையும் ஒரு தனியும்

எங்கள் இசைக்குழுவின் ஆயுள் ஒன்பது மாதம். ஏறிய மேடை நாலு. ஆனாலும் தீவுப்பகுதியில் எவரும் வாசிக்காத ஒன்றை வாசித்தோம் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

கப்பலில் வேலை செய்த புளியங்கூடல்காரர் ஒருவர் கொங்கா மேளமும் ஜாஸ், ஃபங்க் கசெற்றுகளும் கொண்டு வந்திருந்தார். ஊர்காவற்றுறைத் தேவாலய பாண்டில் சாக்ஸபோன் ஊதியவர் இன்னொருவர். என்னிடம் பேஸ் கிற்றார் இருந்தது. நாலாமவர் நயினாதீவுத் தவில்காரர். தமையனின் மேளக்குழுவில் இரண்டாம் தவில். மண்கும்பானில் எங்கள் வீட்டு விறாந்தையில் பழகுவோம். சாமிப்படங்கள் சுவரில் அதிர்வதைப் பார்த்து அம்மா அவற்றைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டா.

தவில்காரரைத் தமையன் இலேசில் விடவில்லை. மூன்று தரம் லோஞ்சில் கடல் கடந்து போய்க் கேட்ட பிறகுதான் மனம் இறங்கினார்.

"சபையில இவனைப் பார்த்து ஆரும் சிரிச்சினம் எண்டால் அதோட சரி. பிறகு என்னட்டை வரக்கூடாது."

தவில் இல்லையென்றால் நாங்களும் கலியாண வீடுகளில் பைலா ஆட்டப்பாட்டு வாசிக்கும் இன்னொரு கோஷ்டிதான்.

முதல் மேடை வேலணையில் ஒரு பாடசாலை மண்டபம், பின்னேரம். தமையன் முன்வரிசைக் கதிரையில் கைகட்டி இருந்தார். கிற்றாருக்குப் பக்கத்தில் தவிலைக் கண்டதும், மாப்பிள்ளை எங்கே என்று பின்னால் ஒருவர் கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள். தமையன் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது உருப்படி பாதியில் போகும்போது வெளியே ஜெனரேற்றர் நின்றுவிட்டது. என் பேஸ் ஊமையானது. திகைத்துப்போய் மற்ற இருவரும் நிறுத்தினார்கள். தவில் சத்தத்துக்குள் தவில்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்களை ஒருமுறை பார்த்தார். மேளக்கச்சேரியில் மற்றவர்கள் நிறுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தவிலுக்குத் தனி விடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கிவிட்டார்.

கரண்ட் போய்விட்டது என்று சொல்ல எழும்பினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கிற்றாரை வைத்துவிட்டுப் பக்கத்தில் சம்மணமிட்டுக் கையால் தாளம் போட்டேன். கொங்காக்காரரும் போட்டார். மாப்பிள்ளையைத் தேடியவரும் தொடையில் போட்டதைக் கண்டேன். தனியை முடிக்கும் தீர்மானம் மூன்று தரம் வந்து விழுந்த இடத்தில் சாக்ஸபோன் பாட்டைப் பிசகாமல் எடுத்தது. மண்டபம் எழும்பி நின்றது.

தமையன் மேடைக்கு வந்தார். தம்பியின் தவிலைத் தானே தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

தவில்காரர் என் கையைப் பிடித்தார். "அண்ணை, இவ்வளவு காலத்தில எனக்கு ஆரும் தனி விட்டதில்லை. நீங்கள்தான் விட்டனீங்கள்."

நான் ஜெனரேற்றரைப் பற்றி வாய் திறக்கவில்லை. மற்ற மூன்று மேடைகளிலும் கரண்ட் நிற்கவில்லை. இரண்டாவது உருப்படியில் அந்த இடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் கையைப் பின்னால் நீட்டி என் கிற்றாரின் ஒலிபெருக்கிப் பெட்டியை நானே அணைத்தேன்.