மேல் கீழ் இல்லாத தண்ணீர்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். நான் அரளவும் இல்லை, அப்போது இருட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். ஒத்தக்கடையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கப்பலைத் தள்ளும் விசிறியின் இறக்கை தண்ணீரை வேகமாக வெட்டும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறையும். தண்ணீர் சூடாகாமலே கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழி உடையும்போது இரும்பையே அரிக்கும். அதைக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. மறுநாள் ரிவ்யூ. சொதப்பினால் மூன்று வருட உழைப்பு குப்பைக்குப் போகும்.

ஓடவிட்டிருந்த கணக்கு தந்த அசையும் படத்தைத் திறந்தேன். இறக்கையின் முதுகில் குமிழிகள். சரி. ஆனால் கீழ் மூலையிலும் ஒரு குமிழி... அங்கே இறக்கையே கிடையாது.

அது மேலே ஏறியது.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கணக்கில் நான் புவியீர்ப்பையே சேர்க்கவில்லை. அந்தத் தண்ணீருக்கு மேல், கீழ் கிடையாது. குமிழி ஓட்டத்தோடு பக்கவாட்டில்தான் போக வேண்டும்.

யாரோ கை வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் ஜெயபாண்டி, பக்கத்து நாற்காலிக்காரன். அவனுக்கும் நாளைக்கு ரிவ்யூ. சிரித்துக்கொண்டே குழி பறித்துவிட்டானே என்று பற்றிக்கொண்டு வந்தது.

இன்னும் குமிழிகள். கொத்துக் கொத்தாக... பிறகு விட்டு விட்டு...

அவன் பேரையூரில் தன் வீட்டுக்குப் போயிருந்தான். போன் போட்டேன். அவன் தங்கை தாமரைச்செல்வி எடுத்தாள்.

"அண்ணன் எங்க?"

"மோட்டார் பாக்க கெணத்துல எறங்குச்சுக்கா... முங்குன ஆளு இன்னும் மேல வரல..."

போனில், அவளுக்குப் பின்னால் யாரோ அலறினார்கள்.

திரையில் ஒரே ஒரு குமிழி. ஏறியது... உடைந்தது.

அப்புறம் வரவில்லை.

அவன் உடம்பைத்தான் எடுத்தார்கள். அழுதேன். ஆனாலும் என் சந்தேகம் போகவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஃபைலை யார் தொட்டது என்று தேடினேன்.

யாரும் தொடவில்லை. கணக்கு சனிக்கிழமை மாலை 5.40-க்கே ஓடி முடிந்திருந்தது. அவன் கிணற்றில் இறங்குவதற்கு முதல் நாள். அந்தக் குமிழிகள் அப்போதே உள்ளே இருந்திருக்கின்றன.

அந்நேரம் அவன் என் பக்கத்தில்தான் இருந்தான். முடிந்துவிட்டதா என்று திறந்து பார்க்கப் போனேன். அவன்தான் மவுஸைப் பிடுங்கி வைத்தான்.

"நாளைக்குப் பாத்துக்கலாம், வர்ஷினி. வா, ஒரு டீயக் குடிச்சிட்டு நான் பஸ் ஏறுறேன்."