கொக்குவில் சுருட்டுக் கொட்டிலில் ஓர் இடம்

வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. ஆனையிறவைத் தாண்டும்போது பெட்டியில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து இருநூறு மைல் வாயைப் பிளந்து தூங்கியவர்கள், உப்புக்காற்று முகத்தில் பட்டதும் தலை சீவத் தொடங்கினார்கள். நானும் சீவிக்கொண்டேன். பதினொரு வருஷமாகத் தெற்கே காலிப் பட்டணத்தில் ஒரு சுருட்டுக்கடையில் நிற்கிறேன். வருஷத்துக்கு இரண்டு முறை இந்த ரயில். திரும்பிப் போகும் நாளை எண்ணிக்கொண்டேதான் எப்போதும் வந்து இறங்குவேன். இந்த முறை எண்ணவில்லை. சட்டைப்பையில் கந்தையா அண்ணையின் கடிதம் இருந்தது.

கந்தையா அண்ணை, நான் சுருட்டுச் சுற்றிய காலத்தில் பக்கத்துப் பாயில் இருந்தவர். அவரும் இன்னும் இருபத்தொரு பேரும் முதலாளியை விட்டு விலகி, ஆளுக்கொரு பங்கு போட்டு, கொக்குவிலில் ஐக்கிய சங்கம் என்று சொந்தக் கொட்டில் நடத்துகிறார்கள். இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது, வந்து பார் என்று எழுதியிருந்தார். அது கிடைத்தால் என் மனைவி பாக்கியத்தோடு ஊரிலேயே இருக்கலாம். வேறு ஆசை எனக்கு இல்லை.

எட்டு மணி. யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய்க்கு பஸ். ஐந்து மைல், பத்துச் சதம். யுத்தத்தால் பெற்றோல் தட்டுப்பாடு. ஒரு பஸ்ஸில் மூன்று பஸ் சனம். ஒரு மரவள்ளிக்கிழங்குச் சாக்கின் மேல் எனக்கு ஆசனம் கிடைத்தது.

"அண்ணைக்கு எத்தினை நாள் லீவு?" என்றான் கண்டக்டர்.

"இனிப் போறதாக இல்லை," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயம் பிடித்தது.

பாக்கியம் வீட்டு வேலிப் படலையில் நின்றாள். தண்ணீர் தரும் முன்பே, "இடம் நிச்சயமே?" என்று கேட்டாள்.

"சுத்திக் காட்ட வேணுமாம்."

"உங்களுக்குத் தெரியாத சுருட்டே!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எட்டு மாதமாகியிருந்தது.

சனிக்கிழமை, காலை ஏழு மணி. இரவல் சைக்கிளில் கொக்குவில். கொட்டில் தென்னங்கிடுகால் வேய்ந்தது, நீளமானது. புகையிலையும் பனங்கட்டிப் பாணியும் கலந்த வாசம் வரும் வழியில், ஒழுங்கையிலேயே மூக்கைப் பிடித்தது. வழக்கமான கொட்டில்களில் வாசலைப் பார்த்தபடி முதலாளியின் நாற்காலி இருக்கும். இங்கே நாற்காலியே இல்லை. தலைவரான கந்தையா அண்ணையும் மற்றவர்களோடு பாயில் இருந்து சுற்றிக்கொண்டிருந்தார். ஒருவர் பத்திரிகையை உரக்க வாசித்தார்; நேச நாடுகள் முன்னேறினவோ பின்வாங்கினவோ, கைகள் நிற்கவில்லை.

"சுத்தாதவனுக்குப் பங்கு இல்லை. எனக்கும் உதுதான் சட்டம்," என்றார் அண்ணை. "இரு. தேத்தண்ணி வரைக்கும் சுத்து."

அவர்கள் சோதிக்கும் முறை விசித்திரமானது. பத்து மணிக்கு எல்லோருடைய சுருட்டிலும் ஒவ்வொன்றை எடுத்து, புதியவனுடையதையும் சேர்த்துச் சுளகில் கலக்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுத்துப் பற்றவைக்க வேண்டும். இழுபடாத சுருட்டு கிடைத்தவர் சொல்வார். அது புதியவனுடையதென்றால் இடம் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அவன் பங்காளி.

பற்றவைத்தோம். இருபத்திரண்டு வாயிலிருந்தும் புகை வந்தது. என் வாயில் மட்டும் ஒன்றும் வரவில்லை. நுனியைத் திருகியிருந்த விதத்தைப் பார்த்தேன், என் திருகல்தான். இலையை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறேன். பதினொரு வருஷம் விற்ற கைக்குச் சுற்றும் பதம் மறந்துவிட்டது.

யாரும் குறை சொல்லவில்லை; அந்தப் புகைமூட்டத்தில் என் வாய் புகையாததும் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கந்தையா அண்ணையின் முகத்தில் சந்தோஷம் வரத் தொடங்கியது. நான் வாய் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் ஒரு கட்டுச் சுருட்டில் ஒன்று இழுபடாவிட்டால் முழுக்கட்டையும் கடை மேசையில் எறிந்துவிட்டுப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறவன்.

"அண்ணை, இது என்ரை. இழுக்கேல்லை," என்றேன்.

"நீ சொல்லாட்டில் எங்களுக்குத் தெரிஞ்சிராது."

"காலியிலை சனத்துக்குத் தெரியும்."

அவர் என் சுருட்டை வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்தார். "உன்னைப் போல ஆள்தான் எங்களுக்கு வேணும். ஆனால் கை வந்தாப் பிறகு வா. உனக்காகச் சட்டத்தை மாத்தினால் நாளைக்கு முதலாளியின்ரை மருமகனுக்கும் மாத்த வேணும்," என்று சொல்லி, பழகுவதற்கு ஒரு கட்டுப் புகையிலை தந்தார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் நடந்ததைச் சொன்னேன். "வாயை மூடிக்கொண்டு பத்தி முடிச்சிருக்கலாமே!" என்றாள்.

"அந்தச் சுருட்டிலை இருபத்திரண்டு வீட்டுச் சோறு கிடக்குது."

"எங்கடை வீட்டுச் சோறு?"

அதன் பிறகு அன்று முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. விறாந்தையில் இருந்து சுற்றினேன். இறுகியது; தளர்த்தினால் அவிழ்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. கடையில் எனக்குத் தந்த லீவு முடிந்தது. உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தபோது பாக்கியம் விறாந்தையில் இருந்தாள். நான் கடைசியாகச் சுற்றிய சுருட்டை அடுப்புக் கொள்ளியில் பற்றவைத்து வாயில் வைத்திருந்தாள். அவள் சுருட்டைத் தொட்டே நான் கண்டதில்லை. இரண்டு கன்னமும் குழிய இழுத்தாள். ஓர் இருமல்கூட வரவில்லை.

"நல்லா இழுக்குது," என்றாள். "இஞ்சாருங்கோ, பொய்யில்லை. நல்லா இழுக்குது. போகாதேங்கோ."

வாங்கி இழுத்துப் பார்த்தேன். புகை வரவில்லை.

"ஓம், இழுக்குது," என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டேன்.